காட்டு நிழலில் வளரும் கோரை: கண்டுபிடிப்பது முதல் அதன் பாதுகாப்பு நிலையைப் பதிவது வரை – மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் உலர் வலயக் காடுகளுக்குள், பாலையும் வீரையும் கவிந்து நிற்கும் நிழலில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வளரும் ஒரு கோரை இருக்கிறது. தாவரவியலில் அதற்கு ஸ்க்ளீரியா லித்தோஸ்பெர்மா என்று பெயர். லின்னேயஸ் 1753இல் வேறொரு பேரினத்தின் கீழ் இதை விவரித்தார். 1788இல் சுவார்ட்ஸ் இப்போதுள்ள பேரினத்துக்கு மாற்றினார். பன் போலப் பாய் இழைக்க இது உதவாது. கோரைக்கிழங்கு போல வயலுக்குள் வந்து தொல்லையும் கொடுக்காது. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே அதை 'நிழல் கோரை' என்றே எழுதுகிறேன், படிக்கவும் லேசு.

ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா என எல்லாப் பக்கத்து வெப்ப நாடுகளிலும் இந்தச் செடி உண்டு. பிறகு ஏன் மினக்கெட வேண்டும் என்று கேட்கலாம். உலகம் முழுக்க இருப்பதால் கிரானிலோ லகுகலையிலோ அது நன்றாக இருக்கிறது என்று ஆகாது. மரங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே காட்டின் தரை மாறிவிடுவதுண்டு. செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரிகிற இடத்துக்கு நேரில் போனால், மரங்களுக்கிடையே ஆளுயரக் கினிப்புல் நிற்கும். அந்த மாற்றம் படத்தில் தெரியாது, தரையில்தான் தெரியும். அதனால் இந்தக் கோரையின் நிலையைப் பதியப் போகிறவர் செடியை எண்ணுவதற்குச் செலவழிக்கும் நேரத்தைவிட, அதன் மேலிருக்கும் நிழலையும் கீழிருக்கும் சருகையும் பார்ப்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே சொல்லும் முறை முழுக்க அந்த எண்ணத்தில்தான் அமைந்திருக்கிறது.

முதலில் அனுமதி

இதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் அதிகம். கல்லோயா, லகுகல, குமண ஆகியவை தேசியப் பூங்காக்கள். அவற்றுக்குள் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும். ஒதுக்குக்காடுகள் வனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும் பிற்காலத் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளன. புல்தானே என்று ஒரு தூரைப் பிடுங்கினாலும் சட்டத்தின் கண்ணில் அது தாவரம்தான்.

மாணவர்கள் என்றால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் அல்லது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடம் வழியாக விண்ணப்பிப்பது நல்லது. தனி ஆளாக விண்ணப்பித்தால் இழுபடும். அனுமதி வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. ஊரோரப் பற்றைக்காடுகள், கோயில் காணிகளில் எஞ்சிய மரக்கூட்டங்கள், நண்பர் ஒருவரின் காணி எல்லையில் விட்டுவைத்த காடு ஆகியவற்றில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு பழகத் தொடங்கலாம்.

அப்புறம் யானை. விடிந்து வெயில் ஏறிய பிறகு உள்ளே போய், மூன்று மணிக்கு முன் வெளியே வந்துவிடுங்கள். ஈர இலத்தி கண்டால் அந்தப் பக்கம் அன்றைக்கு வேண்டாம். தனியாகப் போகவே கூடாது. அந்தக் காட்டில் மாடு மேய்க்கிறவரோ தேன் எடுக்கிறவரோ கூட வந்தால் பாதிப் பயம் போய்விடும். போர் நடந்த காடுகளில் துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் கை வைக்காமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

காலம்

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரையான மாரியில் கொட்டிவிடும். மாரியில் காட்டுப்பாதை சேறு, ஓடைகள் பெருக்கு. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கோரையின் இலை காய்ந்து சருகோடு சருகாகிவிடும். ஆகவே மழை ஓய்ந்த ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை போவதுதான் வசதி. அப்போது இலை பச்சையாகவே இருக்கும், மணியும் பிடித்திருக்கும். அடையாளத்துக்கு மணி இல்லாமல் முடியாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே தேடுவது

மட்டக்களப்புப் பக்கம் குடும்பிமலையைச் சுற்றிய காடு, உன்னிச்சை, உறுகாமம் குளங்களுக்கு மேற்கே எஞ்சியிருக்கும் காடு, வாகரைக் காட்டுப் பகுதி ஆகியவற்றில் தொடங்கலாம். அம்பாறையில் லகுகலக் காடும், பாணமைக்குத் தெற்கே பாறைகள் நிறைந்த குடும்பிகலப் பக்கமும் நல்ல இடங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: குடும்பிமலை மட்டக்களப்பில், குடும்பிகல அம்பாறையில். பதிவுத்தாளில் மாவட்டம் எழுதாமல் 'குடும்பி' என்று சுருக்கினால், பிறகு யார் வந்தாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

காட்டுக்குள் போனதும் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே நகருங்கள். மேலே பாலை, வீரை, கருங்காலி, முதிரை நின்று, நடுப்பகலிலும் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாகவே விழுந்தால் அது தேட வேண்டிய இடம். பெரிய பாறையின் அடிவாரத்தில், மேலிருந்து வழிந்த மழைநீர் சில வாரம் கூடுதலாகத் தங்கும் வளையத்தையும் விடாதீர்கள். மண் செம்மஞ்சளாகவோ மணல் கலந்தோ இருக்கலாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம். அங்கே நிற்கும் கோரைகள் வேறு. மருது நிற்கும் ஆற்றங்கரையைப் பார்க்கலாம். ஆனால் கரையை ஒட்டிய ஈரத்தை விட்டு, மேட்டிலேயே தேடுங்கள்.

மாட்டுப் பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரர் ஒருவரிடம் இந்தக் கோரையின் படத்தைக் காட்டிக் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "வெளியில நிண்டு தேடினா எப்பிடி மனே காணுற? வீரையடிக்குப் போய்க் குந்தியிருந்து பாருங்க." அவ்வளவுதான். நின்றுகொண்டு பார்த்தால் இந்தச் செடி கண்ணில் படாது. குந்தியிருந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் மெல்லிய தாள்கள் சருகுக்கு மேலே தெரியும்.

புல்லா, கோரையா?

தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டினால் கோரைக் குடும்பமாக இருக்க நல்ல வாய்ப்பு. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், வீங்கிய கணுக்கள் இருக்கும், கணுக்களுக்கிடையே உள்ளே வெற்றிடம். கோரையின் தண்டில் அப்படி வீங்கிய கணு தெரியாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். அடுத்து இலையைப் பாருங்கள். புல்லில் இலைகள் இரண்டு வரிசையாக, கோரையில் மூன்று வரிசையாக. இலையின் அடி உறை கோரையில் தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருக்கும். பெரும்பாலான புற்களில் ஒரு பக்கம் திறந்திருக்கும். மூன்றும் பொருந்தினால் சந்தேகம் வேண்டாம். உருண்டைத் தண்டுக் கோரைகளும் இருக்கின்றன என்பதால் ஒரே அடையாளத்தை நம்ப வேண்டாம்.

இந்தக் கோரைதானா?

இங்கேதான் பொறுமை வேண்டும். ஸ்க்ளீரியா பேரினத்தில் மட்டும் உலகில் சுமார் 250 இனங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போன் கமராவில் மட்டும் தங்கியிருந்தால் பாதியில் நிற்பீர்கள்.

நிழல் கோரை பல்லாண்டு வாழும் செடி. நிலத்தடித் தண்டு குட்டை, கெட்டி. அதிலிருந்து மெல்லிய தாள்கள் தூராக எழும்பும், உயரம் பெரும்பாலும் 30 முதல் 80 சென்ரிமீற்றர். இலைகள் அடியில் மட்டும் குவியாமல் தாள் நெடுகிலும் இருக்கும். அகலம் நான்கு மில்லிமீற்றரைத் தாண்டுவது அரிது, ஓரத்தில் விரலை மெல்ல இழுத்தால் சொரசொரக்கும். உறைகள் மூன்று மூலையாக இருந்தாலும் அவற்றில் இறக்கை போன்ற விரிவு கிடையாது. பூங்கொத்து ஒடுங்கியது, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சில சிறு கொத்துகள். பூக்களில் ஆண், பெண் தனித்தனி.

மணியைப் பாருங்கள், அதுதான் இந்தச் செடியின் முகம். இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். வெள்ளை வெளேரென்று, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. மேற்பரப்பில் மேடு பள்ளமோ மயிரோ இல்லை, வழுவழுப்பு. நகத்தால் அழுத்தினால் அசையாது, கல் போலிருக்கும். வில்லைக்கடியில் மணியின் அடியைத் திருப்பிப் பாருங்கள்; மூன்று பக்கமாக லேசாக ஒடுங்கியிருக்கும். பல ஸ்க்ளீரியா இனங்களில் மணிக்குக் கீழே ஒரு தட்டு, சிலதில் மடல் மடலாக, ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் அது இல்லை, அல்லது இருப்பதே தெரியாத அளவு. ஸ்க்ளீரியா லீவிஸ் என்ற உறவுச் செடியில் உறைக்கு இறக்கையும் மணிக்கடியில் மூன்று மடல் தட்டும் இருப்பதால் இந்த இரண்டையும் சரிபார்த்தால் குழப்பம் தீரும். குளங்களில் நிற்கும் ஸ்க்ளீரியா போயிஃபோர்மிஸ் இதைவிடப் பல மடங்கு பெரிது, தண்ணீரில் நிற்பது. அதோடு மயங்க வழியில்லை.

மணி இல்லாத தூரை 'ஸ்க்ளீரியா, இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய பெயர் ஒன்று தரவுத்தளத்தில் ஏறினால் அதை இறக்குவது பெரும்பாடு.

ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு: இலங்கைத் தாவரங்கள் பற்றிய திருத்திய கைநூல் வரிசையில், 1985இல் வந்த ஐந்தாம் தொகுதியில், கோரைக் குடும்பம் முழுவதையும் கோயாமா என்ற ஜப்பானிய அறிஞர் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நடை கரடுமுரடு. என்றாலும் இனங்காணும் திறவுகோல் நன்றாக வேலை செய்கிறது.

வாழிடத்தைப் பதிவது

காட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கி 50 மீற்றர் நாடாவை நேராக இழுங்கள். ஓரத்தில் தொடங்குவது முக்கியம்; வெளிச்சம் உள்ளே குறையக் குறையத் தரை எப்படி மாறுகிறது என்பது அந்த ஒரே கோட்டில் தெரிந்துவிடும். பிவிசி குழாயில் ஒரு மீற்றர் சதுரச் சட்டம் செய்து ஒவ்வொரு ஐந்து மீற்றருக்கும் வையுங்கள், ஆக ஒரு கோட்டில் பத்துச் சட்டம்.

ஒவ்வொரு சட்டத்திலும் முதலில் இடுப்பளவில் போனை மல்லாக்கப் பிடித்து மேல்நோக்கி ஒரு படம். வீட்டுக்கு வந்து அதில் வானம் எத்தனை வீதம், இலை எத்தனை வீதம் என்று மதிப்பிடலாம். பத்து வீதத் தவறு வரும்தான். எல்லாப் படத்தையும் ஒரே ஆள் மதிப்பிட்டால் ஒப்பிடுவதற்கு அது போதும். பிறகு சருகின் ஆழத்தை அளவுகோலால் பாருங்கள். வெறும் மண் எவ்வளவு, சருகு எவ்வளவு, புல் எவ்வளவு என்று எழுதுங்கள். கடைசியாகத்தான் கோரைத் தூர்களை எண்ணுவது. ஒரு தூர் ஒரு செடி. தாள்களை எண்ண வேண்டாம். மணி பிடித்த தூர், பிடிக்காத தூர், இவ்வாண்டு முளைத்தது போன்ற சிறு கன்று என மூன்றாகப் பிரியுங்கள். கன்றே இல்லாத இடத்தில் பழைய தூர்கள் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் குறித்துவையுங்கள்.

சட்டத்தில் கோரை இல்லையென்றால் 'பூச்சியம்' என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று பிறருக்குப் புரியாது. இல்லாத இடத்தின் பதிவுக்கும் இருக்கும் இடத்தின் பதிவுக்கும் ஒரே மதிப்புத்தான். பெரும்பாலானோர் அதை எழுதுவதில்லை, பெரிய இழப்பு.

ஆபத்துகளை எழுதுவது

பொதுவாக 'காடழிப்பு' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

எங்கள் பக்கத்தில் கினிப்புல்தான் முதலில் நிற்கிறது. வீதியோரத்தில் தொடங்கி, மரம் வெட்டிய இடைவெளி வழியாக உள்ளே வரும். கச்சான் காலத்தில் காய்ந்து நின்று, ஒரு பீடித் துண்டில் பற்றும். தீ காட்டோரத்தை நக்கியதும் இளமரங்கள் கருகி வெளிச்சம் கூடும். அடுத்த மாரியில் கினிப்புல் இன்னும் பத்து மீற்றர் உள்ளே நிற்கும். மரத்தடியில் கரி, பட்டையில் கருகல், எவ்வளவு உயரம் வரை என்பதையெல்லாம் பதியுங்கள். நாயுண்ணிப் பற்றை இருந்தால் அதையும்.

மாடு விஷயத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மாடு மிதித்துத் தூர் சிதைவதுண்டு. அதே மாடுகள் கினிப்புல்லைத் தின்று தீயின் எரிபொருளைக் குறைப்பதும் உண்டு. மட்டக்களப்பின் மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளைப் பயிர்ச்செய்கைக்குப் பிடிக்கும் விவகாரம் ஊரறிந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கினால் மாடு காட்டுக்குள்தான் தள்ளப்படும், அதற்குப் பட்டிக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உங்கள் தாளில் குளம்புத் தடம், சாணம், மேய்ந்த நுனி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள்.

சேனைப் பயிருக்குக் காடு வெட்டுவது, விறகு வெட்டுவது, ஆற்றோர மணல் அகழ்வுக்குப் போட்ட பாதை ஆகியவற்றைத் தூரத்தோடு குறித்தால் போதும்.

படமும் மாதிரியும்

முழுச் செடி, தண்டின் அடி, இலை உறை, கொத்து, அளவுகோலுக்குப் பக்கத்தில் மணி, சுற்றியுள்ள காடு. இந்த ஆறு படமும் இருந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கவே தேவையில்லை. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் வெளிநாட்டுக் கோரை நிபுணர்களும் பார்த்துச் சொல்வார்கள்; அங்கே உறுதியாகும் பதிவுகள், உரிமம் அனுமதித்தால், ஜிபிஐஎஃப் உலகத் தரவுத்தளத்துக்கும் போகும்.

அனுமதி இருந்து மாதிரி எடுப்பதானால், குறைந்தது 20 தூர் நிற்கும் இடத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். அடித்தண்டின் ஒரு துண்டும் மணியும் கட்டாயம் இருக்க வேண்டும். பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, மேலும் கீழும் அட்டை வைத்துக் கட்டி, தாளை நாளாந்தம் மாற்றுங்கள். எங்கள் கரையோர ஈரக்காற்றில் ஒரு நாள் விட்டாலே பூஞ்சணம் பிடிக்கும். உதிரும் மணிகளைச் சிறு கடதாசி உறையில் போட்டு மாதிரியோடு ஒட்டுங்கள். சீட்டில் திகதி, மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, அகலாங்கு நெட்டாங்கு, வாழிடம், எடுத்தவர் பெயர். தேசிய தாவர மாதிரிக்கூடம் பேராதனையில் இருக்கிறது.

நிலையைக் கணிப்பது

எந்த இனம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் பட்டியல்தான் செம்பட்டியல். இலங்கையின் தாவரங்களுக்கான தேசியச் செம்பட்டியல் கடைசியாக 2020ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்தது. சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகமும் தேசிய தாவர மாதிரிக்கூடமும் சேர்ந்து செய்தது. முதலில் அதில் உங்கள் செடியின் வரியைத் தேடிப் பாருங்கள். பிறகு உலகச் செம்பட்டியலைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கணிக்கும் விதிகளில் எங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பது பரம்பலைப் பார்க்கும் 'பி' விதி. நாட்டு வரைபடத்தை இரண்டுக்கு இரண்டு கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, செடி உள்ள கட்டங்களை எண்ணி நான்கால் பெருக்கினால் அது வாழும் பரப்பு. 10 சதுர கிலோமீற்றருக்குக் கீழே மிக ஆபத்தான நிலை, 500க்குக் கீழே ஆபத்தான நிலை, 2,000க்குக் கீழே பாதிக்கப்படக்கூடிய நிலை. பரப்பு மட்டும் சிறிதாக இருந்தால் போதாது. வாழிடங்கள் துண்டுபட்டிருப்பது அல்லது எண்ணிக்கையில் மிகச் சிலவாக இருப்பது, தொடர்ந்து குறைவது, கடுமையாக ஏறி இறங்குவது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. நீங்களும் நண்பர்களும் ஏழு கட்டங்களில் கண்டீர்கள் என்று வையுங்கள். ஏழு நான்கு 28 சதுர கிலோமீற்றர். உடனே 'ஆபத்தான நிலை' என்று முகநூலில் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். பொலன்னறுவையிலோ முல்லைத்தீவிலோ யாரும் குந்தியிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். 28 என்பது நீங்கள் நடந்த பரப்பே தவிர, செடி வாழும் பரப்பு அல்ல. தேசிய நிலை என்பது நாடு முழுவதற்கும் சேர்த்துக் கணிப்பது. மாவட்டத்துக்குத் தனியாக அந்தச் சொற்களைப் பயன்படுத்துவது சரியல்ல. மாவட்ட அளவில் 'தேடிய 30 கட்டங்களில் ஏழில் உண்டு, அவற்றில் மூன்றில் கன்று இல்லை, இரண்டில் தீ தடம்' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. மேலே போகிறவர்களுக்கு அது பட்டத்தைவிடப் பயன்படும்.

தரவு போதாத செடி, ஆபத்தில்லாத செடி ஆகிய இரண்டும் ஒன்றல்ல. செம்பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது.

தரையில் செய்யக்கூடியது

செடியைப் பிடுங்கி வீட்டுத் தோட்டத்தில் வைப்பதால் ஒன்றும் காப்பாற்றப்படாது. காட்டோரத்தில் கினிப்புல்லை அது விதை கட்டுமுன் வெட்டுவது, கச்சான் தொடங்குமுன் ஊர்ச் சங்கமும் வனத் திணைக்களமும் சேர்ந்து தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, கோயில் காட்டில் திருவிழாவுக்காகச் சருகு முழுவதையும் கூட்டி எரிக்காமல் நடக்கும் பாதையை மட்டும் துப்புரவாக்குவது ஆகியவை பலன் தரும். கடைசியாகச் சொன்னதற்குக் காசே வேண்டாம். நிருவாக சபையில் ஒரு பெரியவரைப் பிடித்துச் சொல்ல வைத்தால் காரியம் நடக்கும். இளைஞர் சொன்னால் 'பாம்பு வரும்' என்று முடித்துவிடுவார்கள்.

அடுத்த ஆண்டு அதே மாதம், அதே கோட்டுக்குத் திரும்பிப் போங்கள். தொடக்கப் புள்ளிக்கு இரும்புக் குச்சி ஊன்ற வேண்டாம், மாட்டுக் காலில் குத்தும், யாராவது பிடுங்கியும் போவார்கள். ஒரு பெரிய மரத்தையோ பாறையையோ குறியாக வைத்து, அங்கிருந்து திசைகாட்டிப் பாகையும் தூரமும் எழுதுங்கள். போனின் இடங்காட்டி அடர்ந்த காட்டுக்குள் பத்து மீற்றர் வரை தவறக்கூடும். மூன்று மாரி தாண்டிய பதிவு கையில் சேர்ந்ததும், பூச்சியங்களையும் சேர்த்து, ஒரே அட்டவணையாக்கிப் பேராதனை மாதிரிக்கூடத்துக்கும், அனுமதி தந்த திணைக்களத்துக்கும், அருகிலுள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவுக்கும் தலா ஒரு பிரதி அனுப்புங்கள். மேல்நோக்கி எடுத்த நிழல் படங்களையும் கூடவே வையுங்கள், முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.